மாடிப்படி ஏறாத சட்டம்

ஒரு தொழிலாளி படுத்துறங்க எவ்வளவு இடம் வேண்டும் என்று மலேசியச் சட்டம் அளந்தே வைத்திருக்கிறது. வீடு, கடைவீடு, அடுக்குமாடி போன்றவற்றில் தலைக்கு 3.6 சதுர மீட்டர். பெரிய விடுதிக்கூடம் என்றால் 3 சதுர மீட்டர். ஆளுக்கொரு கட்டில். நான்கு அங்குலத்துக்குக் குறையாத மெத்தை, தலையணை, போர்வை, பூட்டு வைத்த அலமாரி. ஆறு பேருக்கு ஒரு கழிப்பறையும் குளியலறையும். விடுதிக்கூடத்தில் பதினைந்து பேருக்கு ஒன்று. விளக்கு, மின்விசிறி, முதலுதவிப் பெட்டி. முதலாளி சம்பளத்தில் வாடகை பிடித்துக்கொள்ளலாம், ஆனால் மாதம் 100 வெள்ளிக்கு மேல் கூடாது. இத்தனையும் இருக்கிறது என்று தொழிலாளர் துறை சான்றிதழ் கொடுத்த பிறகே ஆளைக் குடிவைக்க வேண்டும். சான்றிதழ் இல்லாமல் குடிவைத்தால் 50,000 வெள்ளி வரை அபராதம்.

கேட்க நன்றாகவே இருக்கிறது. இந்தச் சட்டம் எந்தப் படிக்கட்டு வரை ஏறுகிறது என்பதுதான் கேள்வி.

446-ஆம் சட்டம் என்று எல்லாரும் எண்ணைச் சொல்லியே குறிப்பிடும் இது 1990-இல் வந்தபோது தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் மட்டுமே பொருந்தியது. அதன் பின்னணியில் இருந்தது லயத்து வீடுகளின் கதை: ஒற்றை அறை, பொதுக் குழாய், வரிசைக்கு ஒரு கழிப்பிடம். தமிழர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தை விட்டுத் தொழிலாளர்கள் நகரத்துக்கு வந்து பல ஆண்டுகள் ஆன பிறகுதான் சட்டமும் நகரத்துக்கு வந்தது. 2019-இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் 1 முதல், தங்குமிடம் கொடுக்கும் எல்லாத் துறை முதலாளிகளுக்கும் அது பொருந்துகிறது. தொழிற்சாலையும் உணவகமும், பத்தாயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனமும் மூன்று பேர் வேலை செய்யும் முடிதிருத்தும் கடையும் சட்டத்தின் முன் ஒன்றே.

அமலாக்கத்தின் முன் ஒன்றல்ல. பினாங்கு ஜார்ஜ்டவுனின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை எடுத்துக்கொண்டால் இது எளிதாக விளங்கும்.

மூத்தவர்கள் இன்றும் பிட் ஸ்திரீட் என்றே சொல்லும் இந்தச் சாலையைச் சுற்றுலாக் கையேடுகள் நல்லிணக்கத் தெரு என்று கொண்டாடுகின்றன. 1818-இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், பின்பக்கமாக ஒட்டி நிற்கும் மகா மாரியம்மன் கோயில், 1801-இல் கப்பித்தான் காதர் முகைதீன் தலைமையில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல். எல்லாம் ஒரே நடையில் பார்த்துவிடலாம். நடுவே நகைக்கடைகள், நாணய மாற்றுக் கடைகள், துணிக்கடைகள், சாப்பாட்டுக் கடைகள். தெருவைப் படம் பிடிப்பவர்கள் கோபுரத்தையும் மினாராவையும் பார்த்துத்தான் தலையை நிமிர்த்துகிறார்கள். கடைகளின் மேல்மாடிச் சன்னல்களை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை.

கடைக்கு மேலே ஆட்கள் தூங்குவது பினாங்குக்குப் புதிதே அல்ல. சொல்லப்போனால் இந்த ஊர் உருவானதே அப்படித்தான். 1794-இல் பினாங்கை நிறுவிய பிரான்சிஸ் லைட் எழுதிய குறிப்பில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்து குடியேறிய சூலியாக்கள் ஆயிரம் பேர் அளவில் இருப்பதாகவும், அது போக ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 ஆண்கள் கப்பலில் வந்து, கூலி வேலை செய்து, கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு திரும்புவதாகவும் இருக்கிறது. அவர்கள் தங்கியது கடைமாடிகளிலும், பலர் சேர்ந்து குடியிருக்கும் கொங்சி வீடுகளிலும். பக்கத்துப் பினாங்குத் தெருவில் செட்டியார்களுக்குத் தொழில் செய்யவும் தங்கவும் கிட்டங்கி இருந்தது. பின்னாளில் துறைமுக வேலைக்கு வந்தவர்களுக்கும் சொந்த ஊர்க்காரர்கள் சேர்ந்து பிடித்த வீடே இருப்பிடம். வசதி குறைவு என்றாலும் அங்கே ஓர் ஒழுங்கு இருந்தது. வீட்டுக்கு ஒரு தலைவர், சமையலுக்கு முறை, நோய் வந்தால் பார்க்க ஆள்.

இன்றைக்கும் இந்தச் சாலையை ஒட்டிய லிட்டில் இந்தியாவின் முடிதிருத்தும் கடை, நகைக்கடை, துணிக்கடை மூன்றிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஆட்களே முதுகெலும்பு. பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்த அந்த மூன்று தொழில்களுக்கும் 2023-இல் அன்வார் இப்ராஹிம் அரசு 7,500 வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கதவைத் திறந்தபோது சங்கத் தலைவர்கள் மகிழ்ந்தார்கள். மகிழ வேண்டிய செய்திதான். ஆள் கிடைக்குமா, பெர்மிட் எப்போது வரும், லெவி எவ்வளவு என்று எல்லாம் பேசப்பட்டது. வருகிறவர்கள் எங்கே படுப்பார்கள் என்ற பேச்சு அந்த அளவுக்கு எழவில்லை.

பெரிய தொழிற்சாலைகளில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. ஏன் மாறியது என்பது முக்கியம். 2020 ஜூலையில் டாப் குளோவ் நிறுவனத்தின் கையுறைகளுக்கு, கட்டாய உழைப்புப் புகாரின் பேரில், அமெரிக்கச் சுங்கத் துறை தடை போட்டது. அவ்வாண்டு நவம்பரில் அந்த நிறுவனத்தின் கிள்ளான் விடுதிகளில் கோவிட் பரவி, ஆயிரக்கணக்கானோர் நோய்ப்பட்டு, 28 ஆலைகளைப் படிப்படியாக மூட நேர்ந்தது. மறு ஆண்டு தொழிலாளர் துறை தங்குமிடச் சான்றிதழ் தொடர்பாகப் பத்துக் குற்றச்சாட்டுகளைப் பதிந்தது. 2020 டிசம்பரில் அப்போதைய மனிதவள அமைச்சர் எம். சரவணன் இன்னொரு கையுறை நிறுவனத்தில், கொள்கலன்களுக்குள் ஆட்களை அடைத்து வைத்திருந்ததை நேரில் பார்த்து, இது நவீன அடிமைத்தனம் என்றார். அதே மாதம் அவர் சொன்ன கணக்கு இன்னும் அதிர வைப்பது: நாட்டில் இருந்த 16 லட்சம் வெளிநாட்டுத் தொழிலாளர்களில் 91.1 விழுக்காட்டினருக்கு, அதாவது 14 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு, 446-ஆம் சட்டப்படியான தங்குமிடம் இல்லை.

அதன் பிறகு வேகம் பிடித்தது. பினாங்கில் பெருநிலப் பக்கம் புக்கிட் மின்யாக்கில் ஆயிரக்கணக்கான கட்டில்களோடு ஒரு விடுதி செயல்படுகிறது. பாயான் லெப்பாஸ் மின்னணு ஆலைகளுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் தணிக்கையாளர்களை அனுப்புகிறார்கள். தணிக்கையில் விடுதியும் உண்டு. ஜொகூரில் ஏடிஏ என்ற உற்பத்தி நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை 2021-இல் அதன் வாடிக்கையாளரான டைசன் தொழிலாளர் நிலைமையைக் காரணம் காட்டி முறித்துக்கொண்டதை எந்த ஆலை மேலாளரும் மறக்கவில்லை. ஆக, விடுதியில் மெத்தை தடித்ததற்குப் பாதிக் காரணம் புத்ராஜெயா, மீதிப் பாதி வாஷிங்டனும் லண்டனும்.

சாப்பாட்டுக் கடைக்கும் நகைக்கடைக்கும் அப்படி ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் கிடையாது. தே தாரிக்குக்குத் தடை போட எந்த நாட்டுச் சுங்கத் துறை வரும்? கேள்வி கேட்க வேண்டியவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான்.

விடுதிகள் விதிப்படி நடக்கின்றனவா என்று பார்ப்பது ஒரு தனித் தொழில். பேச்சு வழக்கில் ‘சேஃப்டி ஆபீசர்’. வேலைக்கு எடுக்கும்போது ‘கிரீன் புக் இருக்கிறதா?’ என்பதே முதல் கேள்வி. தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரத் துறையில் பதிவு பெற்றவருக்கான அடையாளம் அது. வேலை என்னவோ பெரும்பாலும் அளவு நாடாவும் டார்ச் விளக்கும்தான். கட்டில் இடைவெளியை அளப்பது. தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பது. மின்பெட்டியில் சோதனைப் பொத்தானை அழுத்தி, மின்சாரம் உடனே அறுபடுகிறதா என்று பார்ப்பது. தீயணைப்பானின் அழுத்த முள் பச்சையில் நிற்கிறதா, காலாவதியான சீட்டு தொங்குகிறதா என்று பார்ப்பது. எலிப்புழுக்கை எங்கே கிடக்கிறது என்று மூலை முடுக்கில் குனிந்து தேடுவது. எலிக்காய்ச்சலும் டெங்கியும் உள்ள ஊரில் இதெல்லாம் சில்லறைக் காரியமல்ல.

ஆனால் அனுபவசாலிகள் இதைவிட எளிய சோதனைகளை நம்புவார்கள். காலை பத்து மணிக்குப் போனால் கட்டிலை எண்ணலாம். இரவு பத்து மணிக்குப் போனால்தான் ஆளை எண்ண முடியும். பத்துக் கட்டில் உள்ள அறையின் வாசலில் பதினெட்டு ஜோடிச் செருப்பு கிடந்தால் பதிவேடு பொய். பகல் ஷிப்டுக்காரர் எழுந்ததும் இரவு ஷிப்டுக்காரர் படுக்கும் ‘சூடான கட்டில்’ எந்தத் தாளிலும் இருக்காது. குளியலறையில் தொங்கும் பல்துலக்கிகளை எண்ணினால் தெரிந்துவிடும். அதோடு, கேட்பவருக்குத் தமிழோ வங்காளமோ நேபாளியோ தெரிந்திருந்தால் மேற்பார்வையாளர் மொழிபெயர்க்கத் தேவையில்லை. அவர் இல்லாத இடத்தில்தான் பதிலும் வேறாக வரும்.

இந்தக் கண்ணோடு ஒரு பழைய கடைவீட்டு மாடிக்குப் போவோம். ஏறக்குறைய ஆறு மீட்டர் அகலமும் முப்பது மீட்டர் வரை நீளமுமான கட்டடம். முன்னறை ஐந்தரை மீட்டருக்கு ஐந்தரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால் முப்பது சதுர மீட்டர். சட்டப்படி எட்டுப் பேர். எட்டுப் பேர் என்றால் இரண்டு கழிப்பறை. பழைய கடைவீட்டில் கழிப்பறை பெரும்பாலும் கீழே, கடைசியில், சமையல்கட்டைத் தாண்டி. ஒன்றுதான் இருக்கும்; அதைக் கடை வாடிக்கையாளர்களும் பயன்படுத்துவார்கள்.

நடு அறைகளில் சிக்கல் வேறு. கட்டடத் துணைவிதிகள் 1984, குடியிருக்கும் அறையின் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு சன்னலாக இருக்க வேண்டும் என்கின்றன. அதில் பாதியளவாவது காற்று புகும் திறப்பாக இருக்க வேண்டும். பலகைத் தடுப்பு வைத்து அறைகளைப் பிரித்த மாடியில் நடு அறைக்குச் சன்னல் எங்கிருந்து வரும்? கட்டியவர்கள் முட்டாள்கள் அல்ல; அதற்காகத்தான் நடுவே வானம் பார்த்த முற்றம் விட்டார்கள். பின்னால் வந்தவர்கள் மழைக்குப் பயந்தும் இடத்துக்கு ஆசைப்பட்டும் அதன் மேல் தகடு போட்டு மூடினார்கள். காற்று போயிற்று, வெளிச்சம் போயிற்று, ஈரம் தங்கிற்று. வெளிநாட்டுத் தொழிலாளி நாட்டுக்குள் வந்ததும் காசநோய் இருக்கிறதா என்று அவர் மார்பை எக்ஸ்ரே எடுக்கிறார்கள். அவர் எட்டுப் பேரோடு மூச்சு விடப்போகும் அறையை யாரும் சோதிப்பதில்லை.

தீ என்றால் நிலைமை இன்னும் மோசம். மரத் தரை, மரப் படிக்கட்டு, அதுவும் ஒன்றே ஒன்று. கீழே எரிவாயு உருளையோடு சமையல்கட்டு. மேலே ஒரே பிளக்கில் அரிசிக்குக்கர், நாலைந்து கைப்பேசிகள், மின்விசிறி. படிக்கட்டு புகைபோக்கியாகிவிடும். நகைக்கடை என்றால் திருட்டுப் பயம். இரவில் இரும்புக் கதவை வெளியே பூட்டி, சாவியை முதலாளி கொண்டுபோய்விட்டால் சொல்லவே வேண்டாம்.

இது பயமுறுத்தல் அல்ல. 2024 ஜூன் 12 விடிகாலையில் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்தது. 196 பேர் இருந்த இடம். தீ கீழ்த்தளத்தில்தான் தொடங்கியது. பெரும்பாலோர் இறந்தது மேல் தளங்களில், புகையால். மொட்டை மாடிக்கு ஓடியவர்களுக்குக் கதவு பூட்டிக் கிடந்தது. உயிரிழந்த 45 இந்தியர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 2017 செப்டம்பர் 14 அன்று, கோலாலம்பூர் டத்தோ கிராமாட்டில் ஒரு சமயப் பள்ளி விடுதியில் 23 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சிறுவர்கள். தீ வைத்தது பதின்ம வயதினர் என்று காவல் துறை சொன்னது. ஆனால் உள்ளே இருந்தவர்கள் தப்ப முடியாமல் போனதற்குக் கம்பி போட்ட சன்னல்களும், இருந்திருக்கக் கூடாத தடுப்புச் சுவரும் காரணங்கள். மங்காஃபிலும் கிராமாட்டிலும் தீயணைப்பு வண்டி வரவில்லை என்பதல்ல குறை. அது வரும் வரை உயிர் தங்க வழியில்லை.

இதையெல்லாம் சொன்னால் ஜார்ஜ்டவுனில் ஒரு தயார் பதில் உண்டு: ‘இது பாரம்பரியக் கட்டடம், ஆணி அடிக்கக்கூட அனுமதி வேண்டும்.’ 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்த ஊர். 2016 முதல் சிறப்புப் பகுதித் திட்டம் சட்டமாகவே இருக்கிறது. கட்டுப்பாடு உண்மை. சாக்கு உண்மையல்ல. இதே தெருக்களில் இதே கடைவீடுகள் பூட்டிக் ஹோட்டல்களாக மாறியிருக்கின்றன. அங்கே அவசர விளக்கு இருக்கிறது, புகையுணர்வி இருக்கிறது, அறைக்கு ஒரு குளியலறை இருக்கிறது. ஐரோப்பியச் சுற்றுலாப் பயணி தூங்குவதற்கு இடம் கொடுத்த மரத் தரை, புதுக்கோட்டைக்காரர் தூங்கும்போது மட்டும் ஏன் மறுக்கிறது? மூடிய முற்றத்தைத் திறந்துவிடு என்பதுதான் பாரம்பரியப் பாதுகாவலர்களின் கோரிக்கையும். சுகாதார அதிகாரி கேட்பதும் அதையே. இரண்டு துறைகளும் மோதிக்கொள்கின்றன என்பது பேசிப் பார்க்காதவர்களின் எண்ணம்.

அமல்படுத்த முடியாது என்பதற்கும் இந்த ஊரிலேயே மறுப்பு இருக்கிறது. ஒரு காலத்தில் ஜார்ஜ்டவுனின் பல கடைமாடிகளில் மனிதர்களை விரட்டிவிட்டுப் பறவைக் கூட்டுக்காக உழவாரன்களைக் குடிவைத்தார்கள். ஈரப்பதம் வேண்டும் என்று சுவரை நனைத்து, சன்னலை அடைத்து, ஒலிபெருக்கியில் பறவைக் குரலை ஓடவிட்டார்கள். சுவர் அரித்தது, எச்சம் குவிந்தது, கொசு பெருகியது. மாநில அரசு 2013 இறுதியைக் கெடுவாக வைத்து, பாரம்பரிய வட்டாரத்திலிருந்து அவற்றை வெளியேற்றியது. எந்த மாடியில் எத்தனை பறவை என்று அப்போது அதிகாரிகள் ஏறிப் பார்த்தார்கள். மனசு வைத்தால் படியேறலாம் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

சரி, யார் ஏறுவது? சிக்கலின் வேர் இங்கேதான். தங்குமிடச் சான்றிதழ் தொழிலாளர் துறையிடம். கட்டடமும் கடை உரிமமும் பினாங்கு மாநகர் மன்றத்திடம். தீயணைப்புத் துறையின் தீச்சான்றிதழ் ஓர் அளவைத் தாண்டிய கட்டடங்களுக்கு. பாரம்பரிய விவகாரத்துக்கு ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரியக் கழகம். பணியிடப் பாதுகாப்புக்கு இன்னொரு துறை. மாநகர் மன்றத்தின் சுகாதார அதிகாரி சாப்பாட்டுக் கடைக்கு வருகிறார். கரப்பானையும் எலியையும் பார்த்தால் 14 நாள் கடையை மூடவும் அதிகாரம் உண்டு. அவர் கையைக் கழுவிக்கொண்டு புறப்படும்போது, அதே சமையல்காரர் இரவில் படுக்கும் மாடி அவருடைய படிவத்தில் இல்லை. எலிக்கு மட்டும் அந்தப் படிக்கட்டில் தடை ஏதும் கிடையாது.

வீட்டின் பொறுப்பும் இதேபோல் சிதறிக் கிடக்கிறது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-இல் முற்றாக விலகும் வரை, ஒரு தலைவாடகைக்காரர், அவருக்குக் கீழே இன்னும் நாலு பேர் என்று இருந்த ஊர் இது. இப்போதும் கட்டடம் ஒருவருடையது, கீழ்க்கடை ஒருவருடையது, மாடியை எடுத்து ஆள் வைப்பவர் இன்னொருவர் என்பது சாதாரணம். இப்படிக் கைமாறினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஓர் உதாரணம் உண்டு. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், பூந்தமல்லி அருகே ஒப்பந்தக்காரர்கள் நடத்திய விடுதியில் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அவர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான், தரையில் படுக்கை, தண்ணீர் வராத கழிப்பறை என்று எல்லாம் வெளியே வந்தது. ஆப்பிள் நிறுவனம் ஆலையைத் தன் கண்காணிப்பில் வைத்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி 706 கோடி ரூபாய்ச் செலவில் திறக்கப்பட்டது. அங்கும் ஆப்பிள் என்ற வாடிக்கையாளர் இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சிறு முதலாளிகளின் பக்கம் பேசாமல் இதை எழுதி முடிப்பது அநியாயம். சேவைத் துறையில் ஆளுக்கு ஆண்டு லெவி மட்டும் 1,850 வெள்ளி. பிடித்துக்கொள்ளும் வாடகைக்கு 100 வெள்ளி உச்சவரம்பு. யுனெஸ்கோ பட்டியலுக்குப் பிறகு இந்த வட்டாரத்தில் வாடகை ஏறிய ஏற்றம் எல்லாருக்கும் தெரியும். ஐந்து ஆட்கள் வைத்திருக்கும் நகைக்கடைக்காரர் இன்னொரு கழிப்பறை கட்டத் திட்ட அனுமதி, பாரம்பரிய அனுமதி, கட்டட அனுமதி என்று அலைவதற்குள் ஆண்டே ஓடிவிடும். கெட்டவராக இருப்பதால் மட்டும் ஒருவர் விதியை மீறுவதில்லை. விதிப்படி நடக்க மலிவான வழி இல்லாததாலும் மீறுகிறார்.

ஆனால் அளவில் சிறியது என்பதற்காகச் சட்டத்தின் கண்ணை மூடிக்கொள்வது தீர்வல்ல. சிங்கப்பூர் அந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 2015-இல் வந்த அதன் விடுதிச் சட்டம் ஆயிரம் கட்டிலுக்கு மேற்பட்ட விடுதிகளை மட்டுமே பார்த்தது. 2020 ஏப்ரலில் பொங்கோல் எஸ்11 விடுதியும் தோ குவான் விடுதியும் அடைக்கப்பட்டன. அவ்வாண்டு முடிவதற்குள் விடுதிவாசிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கோவிட் தொற்றியிருந்தது. அவர்களில் எத்தனையோ பேர் தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பிள்ளைகள். 2023 ஏப்ரல் முதல் சிங்கப்பூர் அந்த வரம்பை ஆயிரத்திலிருந்து ஏழு கட்டிலாக இறக்கியது. ஏழு கட்டில் என்றால் கடைமாடியும் உள்ளே வந்துவிடும். சட்டத்தின் பார்வைக்குள் இருந்த விடுதிகள் ஐம்பது சொச்சத்திலிருந்து ஆயிரத்து அறுநூறு அளவுக்குப் பெருகின.

மலேசியச் சட்டத்தில் அந்த வரம்பே கிடையாது. ஒரு கட்டில் இருந்தாலும் பொருந்தும். அதாவது பினாங்குக்கு வேண்டியது சட்டமல்ல, வேலைப் பங்கீடு. கடை உரிமம் புதுப்பிக்க வருகிறவரிடம் மாநகர் மன்றம் ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம்: மாடியிலோ வேறெங்கோ ஊழியரைத் தங்க வைத்திருக்கிறீர்களா, சான்றிதழ் எண் என்ன? இல்லையென்றால் அபராதம் அல்ல, ஆறு மாத அவகாசமும் ஒரே மேசையில் எல்லா அனுமதியும். கூட்டுச் சோதனை ஒன்று, அதுவும் இரவில். 2024 ஜூன் முதல் அமலுக்கு வந்த பாதுகாப்புச் சட்டத் திருத்தம், ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடங்களுக்கு ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நகைக்கடையில் அந்தப் பொறுப்பை ஏற்பவர் மாடியின் தீயணைப்பானையும் பார்க்கட்டும்.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. 446-ஆம் சட்டம் ஒரே கட்டடத்தில் பல முதலாளிகளின் ஆட்கள் சேர்ந்து தங்க இடம் தருகிறது. இருபது கடைகள் சேர்ந்து ஒரு விடுதி என்றால் தனித்தனியாகக் கழிப்பறை கட்டும் சுமை எந்தக் கடைக்கும் இல்லை. வார்டன் ஒருவர், மாதம் ஒருமுறை வந்து போகும் சேஃப்டி ஆபீசர் ஒருவர், இரண்டு படிக்கட்டு, முறையான சமையல்கட்டு. பழைய கிட்டங்கியும் கொங்சியும் இந்தக் கணக்கைத்தான் தெரிந்து வைத்திருந்தன. பள்ளிவாசலைச் சுற்றி வக்பு நிலமும் கட்டடங்களும் இருக்கின்றன. மாநில இஸ்லாமிய சமய மன்றமும், இந்து அறப்பணி வாரியமும் இதில் பேச உரிமையும் கடமையும் உள்ள அமைப்புகள். புக்கிட் மின்யாக் மாதிரி ஆயிரக்கணக்கில் வேண்டாம். ஐம்பது, அறுபது பேர் போதும்.

அதை இந்த வட்டாரத்துக்குள்ளேயே கட்ட வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. கெடுபிடி வந்தால் முதலாளிகளுக்கு எளிய வழி, ஆட்களை ஆயர் ஈத்தாம் பக்கமோ பாலத்துக்கு அப்பாலோ ஓர் அடுக்குமாடிக்கு அனுப்பிவிடுவது. அங்கே பத்து மணிக்குக் கடை அடைக்கும் முடிதிருத்துநர் கடைசிப் பேருந்துக்கு ஓட வேண்டும். புதிய அண்டை வீட்டார் மனு எழுதுவார்கள். இங்கோ, பாரம்பரிய வட்டாரத்தில் 2009-இல் பத்தாயிரத்துக்குச் சற்று மேல் இருந்த குடியிருப்போர் 2013-இல் 9,500-க்கும் கீழே இறங்கியதாகக் கணக்கெடுப்பு சொன்னது. மீதி இருப்பவர்களில் இந்த மாடிவாசிகளும் உண்டு. அவர்களையும் விதியின் பெயரால் வெளியேற்றிவிட்டு, காலியான மாடியை இன்னொரு ஹோட்டலுக்குக் கொடுப்பதற்கு 446-ஆம் சட்டத்தை யாரும் இயற்றவில்லை. மாநகர் மன்றம் அடுத்த ஆண்டு உரிமப் படிவத்தை அச்சுக்கு அனுப்புவதற்குள் தொழிலாளர் துறையோடும் தீயணைப்புத் துறையோடும் வணிகர் சங்கங்களோடும் ஒரு மேசையில் உட்கார்ந்தால், முதல் விடுதிக்கான இடத்தை சூலியா தெருவுக்கும் பக்கிங்ஹாம் தெருவுக்கும் நடுவிலேயே தேடத் தொடங்கலாம்.